என் ஓர்ப்படி ஓட்டிய வண்டி

பொன்னேரியில் ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் இருந்தபோது செய்தி வந்தது. தேநீர் இடைவேளை. காகிதக் குவளையோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். என் கணவர்தான் கூப்பிட்டார். "கலா, ராணி பூட்டா" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடங்களில் அவர் அழுது நான் கேட்டது அது இரண்டாவது முறை. முதல் முறை அவருடைய அப்பா இறந்த அன்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. நான் செத்தால் இவர் இப்படி அழுவாரா என்ற கேள்விதான் முதலில் வந்தது. அந்தக் கேள்வி வந்து நின்று, பதில் கிடைக்காமல் போன பிறகுதான் துக்கம் வந்தது. படியில் உட்கார்ந்தேன். தேநீர் புடவையில் கொட்டியதைப் பக்கத்திலிருந்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

தேசராணியை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். குப்பத்துக்காரர்கள், மகளிர் குழுவினர், தோணிரேவுப் பெண்கள் எல்லோரும் பதினாறாம் நாள் அவளைப் பற்றிப் பேசினீர்கள். என்னையும் பேசச் சொன்னீர்கள். நான் எழுந்து நின்று, "முடியல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். துக்கமும் இருந்தது. ஆனால் அவளைப் பற்றி நல்லவிதமாக மட்டும் நான் பேசினால் அது பாதிப் பொய்யாகிவிடும். என் கணவரின் தம்பி மனைவி அவள். பத்தொன்பது வருடங்கள் ஒரே வாசலில் புழங்கினோம். அதில் பெரும்பகுதி அவள்மேல் பொறாமைப்படுவதிலேயே எனக்குக் கழிந்தது.

அந்தக் குடும்பத்துக்கு மூத்த மருமகள் நான். எங்கள் குப்பத்தில் பள்ளிக்கூட வேலைக்குப் போன முதல் மருமகளும் நான்தான். வழி கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டை "டீச்சரு வூடு" என்று அடையாளம் சொல்வார்கள். மூன்று வருடம் கழித்து ராணி வந்தாள். ஊர் சுண்ணாம்புக்குளம். எட்டாவது வரை படிப்பு. அவளுடைய நைனா படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். பேச்சில் அங்கங்கே தெலுங்கு கலந்திருக்கும். கோபம் வந்தால் முழுவதும் தெலுங்காகிவிடும். அவள் வந்து ஒரு வருடம் ஆவதற்குள் எங்கள் வீடு "ராணி வூடு" ஆகிவிட்டது. யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் தபால்காரர் அப்படிச் சொல்லி விசாரித்துக்கொண்டு வந்தார். நான்தான் கையெழுத்துப் போட்டுத் தபாலை வாங்கினேன்.

எல்லாம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் தொடங்கியது. என் கணவர் கடலை விட்டுவிட்டுக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போன புதிது. துறைமுகம் வேண்டாம் என்று குப்பமே நிற்கும்போது அவர் அங்கே வேலைக்குப் போனதில் பலருக்கு வருத்தம். சிலர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதனால் யாருடைய வண்டியிலும் ஏறிக்கொள்ளாமல் போய்வர அவரே ஒரு வண்டி வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அது நின்று நின்று போயிற்று. நாலைந்து கிலோமீட்டர் ஒழுங்காக ஓடும். பிறகு திணறும், நிற்கும். கால் மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி கிளம்பும். பொன்னேரியில் மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். ஒருவர் பிளக்கை மாற்றினார். ஒருவர் காயிலை மாற்றினார். மூன்றாமவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிவிட்டு, "வண்டிய வித்துடுங்க" என்றார்.

ஒரு காலை அவர் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது வழக்கம்போல் நின்றது. அவர் உதைத்து உதைத்து வியர்த்துப்போனார். அந்த வழியே ராணி நண்டுக் கூடையோடு நடந்து வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி ஒரு முறை வந்தாள்.

"மாமா, எப்டி நின்னுச்சி? பட்டுனு நின்னுச்சா, இருமி இருமி நின்னுச்சா?"

"நின்னுச்சி, அவ்ளோதான். எப்டி நின்னா இன்னா?"

"அப்டி இல்ல மாமா. பட்டுனு நின்னா நெருப்பு வரல. இருமி நின்னா பெட்ரோல் வரல. நைனா படகு இன்ஜின அப்டித்தான் கேப்பாரு."

"இருமிச்சி" என்றார் என் கணவர்.

அவள் டாங்கின் மூடியைத் திறந்தாள். உஸ்ஸென்று உள்ளே காற்று இழுக்கும் சத்தம் எனக்கே கேட்டது. "பாரு, மூச்சு முட்டிப்போய்க் கெடக்குது" என்று சிரித்தாள். மூடியில் காற்றுப் போவதற்கு ஊசிமுனை அளவு ஒரு துளை உண்டாம். உப்பும் தூசியும் சேர்ந்து அது அடைத்திருந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. கால் மணி நேரம் நின்றால் எங்கேயாவது கசிந்து கொஞ்சம் காற்று உள்ளே போகும், அதனால் மறுபடி ஓடும். "யக்கா, ஊக்கு குடு" என்று கை நீட்டினாள். என் தாலிச் சரட்டில் தொங்கிய ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். துளையைக் குத்திவிட்டு ஊதினாள். முதல் உதையில் வண்டி கிளம்பியது.

மாலையில் வீட்டில் இதைச் சொல்லும்போது, "அக்கா ஊக்கு குடுக்கலன்னா ஒண்ணும் நடந்திருக்காது" என்றாள் ராணி. எல்லோரும் சிரித்தார்கள். அவள் உண்மையாகத்தான் எனக்குப் பங்கு கொடுத்தாள். அந்தப் பங்கு எவ்வளவு சின்னது என்பதுதான் எனக்கு உறைத்தது.

அதன்பிறகு அவளே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். என் கணவர் இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அவள் தனியாகப் பழவேற்காடு வரை போய்வந்தாள். புடவையை இழுத்துச் செருகி, மேலே புருஷனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் போவதைப் பார்க்கக் குப்பமே வெளியில் வந்தது. என்னை அவர் ஒரு நாளும் கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டதில்லை. நானே கேட்டேன். டச்சுக் கல்லறைக்குப் பக்கத்தில் உள்ள திடலுக்கு அழைத்துப் போனார். ராணியும் கூட வந்தாள். மணலில் முன்சக்கரம் ஆடியதும் பயந்து முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி என்னை வீசிவிட்டது. முழங்காலில் இன்றும் தழும்பு இருக்கிறது.

ராணி ஓடிவந்து தூக்கினாள். "யக்கா, மணல்ல முன் பிரேக்க தொடாத. ஹேண்டில இறுக்கிப் புடிக்காத, லேசா வுடு, அது ஆடிக்கினே போவும். ஆக்சிலேட்டர மட்டும் கொறைக்காத. தூரமா பாரு."

"எனக்குப் பாடம் எடுக்காத. நான் டீச்சர்" என்றேன்.

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததைப் பார்த்துவிட்டேன். அதோடு வண்டியைத் தொடவில்லை. பேருந்தில்தான் பள்ளிக்குப் போனேன்.

அவர் துறைமுகத்து வேனில் போகத் தொடங்கியதும் வண்டி முழுக்க ராணியிடம் போயிற்று. தோணிரேவுப் பக்கம் ஏரியில் இறங்கி, வாயில் பறி என்னும் ஓலைக் கூடையைக் கவ்விக்கொண்டு, கையாலேயே தடவி இறாலும் நண்டும் பிடிக்கும் பெண்களை உங்களுக்குத் தெரியும். கரையில் காத்திருக்கும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் போவார்கள். ராணி அவர்களுடைய நண்டைப் பெட்டிகளில் அடுக்கி, வண்டியில் கட்டி, நேரே சந்தைக்குக் கொண்டுபோகத் தொடங்கினாள். எட்டு மணிக்குள் சந்தைக்குப் போகாவிட்டால் நண்டு செத்துப்போகும். செத்த நண்டை யாரும் தொட மாட்டார்கள். அதனால் வண்டி வழியில் நிற்கக் கூடாது. நின்றாலும் நிமிடத்தில் கிளம்ப வேண்டும். ஏரிக்கரைப் பாதையில், காய வைத்த வலைகளுக்கு நடுவில், மழைக்காலச் சேற்றில், கோடையில் உப்புப் பூத்த தரையில் அவள் பதினைந்து வருடங்கள் போய்வந்தாள். ஒரு நாளும் விழுந்ததில்லை. உப்புத் தரையைப் பற்றி அவள் சொல்வது ஒன்று உண்டு: "வெள்ளையா சிரிக்கிற எடத்துல போவாத. மேல பாக்க சோக்கா இருக்கும், கீழ சேறு. மாட்டுத் தடம் எங்க போவுதோ அங்க போ."

என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு முறை 'எனக்குப் பிடித்தவர்' என்று படம் வரையச் சொன்னேன். பாதிப் பேர் மோட்டார் சைக்கிளும் அதன்மேல் சட்டை போட்ட ஒரு பெண்ணும் வரைந்திருந்தார்கள். ஒரே ஒரு சிறுமி மட்டும் என்னை வரைந்திருந்தாள். ராணியின் வண்டியில், பின் இருக்கையில்.

இப்போது சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரும் இதை முதல் முறையாக இங்கேதான் படிக்கப் போகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரும் ராணியும் வாசலில் உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ராணி ஏதோ சொன்னாள். அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரிப்பார் என்பதே எனக்குத் தெரியாது. தேநீர் கொண்டுபோய் வைத்தேன். இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "மெக்கானிக்கம்மா, அந்த ஸ்குரூவ எடு" என்று அவர் அவளிடம் கை நீட்டினார். அவர்களுக்குள் தப்பாக ஒன்றும் இல்லை. அது அப்போதே எனக்குத் தெரியும். தப்பாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இதற்கு என்ன சண்டை போடுவது?

மறுநாள் விடிந்ததும், ராணி கிளம்புவதற்கு முன், வாசலில் நின்ற வண்டியின் பெட்ரோல் டேப்பை மூடினேன். அரை நிமிட வேலை. கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் வண்டி ஒரு கிலோமீட்டர் போகும், பிறகு நிற்கும். அவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு அது தெரிந்திருந்தது. கரைமேல் வண்டியை நிறுத்திவிட்டு அவள் திண்டாட வேண்டும், போகிறவர்கள் வருகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது.

அன்றைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக என் மாமியார் அவள் வண்டியில் ஏறுவார் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் கரைப் பாதையில், வளைவில் வண்டி திணறி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் அடித்தார். லாரி வழுக்கிக்கொண்டு வந்தது. ராணி வண்டியை ஓரத்துக்குத் தள்ளினாள். மாமியார் சரிந்து விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. லாரி ஒரு முழம் தள்ளி நின்றது. அந்த ஒரு முழத்தை நான் பல வருடங்கள் கனவில் அளந்திருக்கிறேன்.

மாவுக்கட்டோடு மாமியார் வீட்டுக்கு வந்தபோது குப்பமே கூடியிருந்தது. "நாந்தான் அத்தே. டேப்ப தொறக்க மறந்துட்டேன்" என்றாள் ராணி.

"ஒனக்கா மறக்கும்?" என்றார் மாமியார்.

"எனக்குந்தான் மறக்கும். நான் இன்னா மிஷினா?"

நான் அடுப்படியில் நின்றிருந்தேன். சாயங்காலம் குழாயடியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது அவள் குடத்தைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "யக்கா, இனிமே டேப்ப மூடணும்னு தோணுச்சின்னா, நான் தனியா போற அன்னிக்கி மூடு."

அவ்வளவுதான். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், காலில்கூட விழுந்திருப்பேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதன்பிறகு அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாமியார் கடைசிவரை தெரிந்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அவளுடைய வண்டியின்மேல் மட்டும் இருந்த பொறாமை அவளுடைய மனசின்மேலும் பரவிவிட்டது. அது இன்னும் கொடுமை.

மூன்று வருடம் கழித்து ஒரு பெருமழை. நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை மழை நின்றிருந்தது, காற்று நிற்கவில்லை. என் கணவர் பல் விளக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். பாலத்துக்கு இந்தப் பக்கம் வர முடியாது என்றார்கள். குப்பத்துக்கும் பாலத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் ஏரித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து ரோட்டை மூடியிருந்தன. படகு போக ஆழம் போதாது, இரண்டு பக்கமும் கருவேல முள். டிராக்டர் முந்தின நாளே சேற்றில் சிக்கிக் கிடந்தது. என் கொழுந்தனார் காசிமேட்டில் மாட்டிக்கொண்டிருந்தார்.

ராணி வண்டியை எடுத்து வந்தாள். "யக்கா, உன் பொடவ ஒண்ணு எடு. மாமாவ நடுவுல வெச்சிக் கட்டு. நீ பின்னால குந்திக்கினு தாங்கிப் புடி."

என் புடவையால் என் கணவரை அவள் முதுகோடு சேர்த்து நான்தான் கட்டினேன். அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. உயிர் போகிற அந்த நேரத்திலும் நான் அதைக் கவனித்தேன். மனசு எவ்வளவு கேவலமானது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது போலிருக்கிறது.

தண்ணீர் விளிம்பில் ஒரு நொடி நிறுத்தினாள். "தண்ணிய பாக்காத யக்கா, தல சுத்தும். கரண்டுக் கம்பத்த பாத்துக்கினே வா" என்றாள். முதல் கியரிலேயே, ஆக்சிலேட்டரைக் குறைக்காமல், ரோட்டின் நடுவாக இறக்கினாள். குறைத்தால் புகைக்குழாய் வழியாக இன்ஜின் தண்ணீர் குடித்துவிடும். குழாய் தண்ணீருக்குள் குமுறிக்கொண்டே வந்தது. கம்பத்தைப் பார்க்கச் சொன்னாளே தவிர, நான் கம்பத்தையும் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. அவருடைய காதுமடல் வெளுத்துக்கொண்டு வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி தூரத்தில் முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது. தண்ணீர் வீசி இன்ஜின்மேல் அடித்தது. வண்டி நின்றது. திணறல் இல்லை, இருமல் இல்லை. விளக்கை அணைத்ததுபோல் நின்றது.

ராணி இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள். "பிளக்குல தண்ணி பூந்துடுச்சி. என்னால எறங்க முடியாது, வுட்டா மாமாவோட சாஞ்சிடும். நீ எறங்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியாது ராணி."

"தெரியும். இத்தினி வருசமா நீ பாத்துக்கினேதான இருந்த."

திட்டுகிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். இறங்கினேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர். இழுப்பு இருந்தது. பிளக் கேப்பைத் திருகி இழுத்தேன், வந்தது. அவர் கழுத்தில் கிடந்த துண்டின் உலர்ந்த முனையால் கேப்பின் உள்ளே துடைத்தேன். பிளக்கின் தலையைத் துடைத்தேன். சுற்றிலும் ஊதினேன். மறுபடி மாட்டி, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். எதையும் யோசித்துச் செய்யவில்லை. வாசலில் அவள் நூறு தடவை செய்து, ஜன்னல் வழியாக நான் நூறு தடவை எரிச்சலோடு பார்த்ததை என் கை செய்தது.

"ஒத, யக்கா. நான் ஆக்சிலேட்டர் குடுக்கறேன்."

முதல் உதைக்குத் தண்ணீர் கொப்பளித்தது. இரண்டாவதற்கும் அதுதான். நான்காவதில் வண்டி இருமி, புகைக்குழாய் தண்ணீரைத் துப்பி, ஓடத் தொடங்கியது. "ஏறு, ஏறு!" என்று கத்தினாள். ஏறினேன். பள்ளத்தைத் தாண்டியதும் பாலத்து ஏற்றம் வரும்வரை பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு ஈரத்தைக் காய வைத்துக்கொண்டே ஓட்டினாள். அதையும் கவனித்தேன்.

அவர் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "ராணிதான் காப்பாத்துச்சி" என்றார். "இல்ல மாமா, வண்டிய கெளப்பினது அக்கா. அது இல்லன்னா நடுத்தண்ணியில நின்னுருப்போம்" என்றாள் ராணி. அவர் "அப்டியா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். நான் ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் நானாகவே போய் அவளிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடு என்றேன். அவள் பின்னால் உட்கார்ந்து வருவாள். என்னைப் பிடித்துக்கொள்ள மாட்டாள், தன் முழங்காலில் கை வைத்துக்கொள்வாள். "பாக்கிற எடத்துக்குத்தான் வண்டி போவும். குழிய பாக்காத, குழிக்கி அப்பால பாரு" என்பாள். வேறு பேச்சு அதிகம் இருக்காது. கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அவளுக்கு மூன்று நாள் ஆனதை நான் மறக்கவில்லை.

சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு இரண்டு வருடம் அவள் இருந்தாள். முதலில் அவளே வண்டியில் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தாள். டாக்டர் திட்டிய பிறகு நான் கொண்டுபோய் விட்டேன். அப்படி ஒரு நாள், வார்டில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"ராணி, எப்பவாச்சும் என்னப் பாத்துப் பொறாமப்பட்டிருக்கியா?"

கண்ணை மூடிக்கொண்டு நிஜமாகவே யோசித்தாள். என் வேலை, என் படிப்பு, சம்பள நாளில் நான் போய்க் கையெழுத்துப் போடுவது, ஏதாவது ஒன்றைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"இல்லக்கா" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் கையெழுத்து சோக்கா கீது. ஆனா பொறாமயெல்லாம் வந்ததில்ல. இன்னாத்துக்கு வரணும்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரிப்பில் ஊசி ஆடுகிறது என்று நர்ஸ் வந்து திட்டினார். அன்று தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது பாதி வழியில் அழுதேன். அப்படி ஒரு ஆள் இருக்க முடியுமா? பக்கத்து ஆளைப் பார்த்துத் தன்னை அளந்துகொள்ளாமல் ஒருத்தி நாற்பத்துநான்கு வயது வரை வாழ்ந்துவிட முடியுமா? அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பதினாறாம் நாள் முடிந்ததும் தோணிரேவுப் பெண்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதை மற்றவர்கள் அறிய மாட்டீர்கள். அவள் நோயில் கிடந்த மாதங்களில் நண்டு மறுபடியும் கரை வியாபாரியிடமே போயிருந்தது. "டீச்சரு, நீதான் வண்டி ஓட்டறியே" என்றார்கள். பள்ளி விடுமுறை நாட்களில் மட்டும் வருகிறேன் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாகப் போனேன். கன்னியம்மா என்கிற பெண் பெட்டிகளைக் கட்டிவிட்டுச் சந்தைக்குக் கூட வருவதாகப் பின்னால் ஏறிக்கொண்டாள். ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் வண்டி நின்றது. டாங்கில் பெட்ரோல் இருந்தது, டேப் திறந்திருந்தது. அவள் போனதிலிருந்து வாசலில் நனைந்து நின்ற வண்டி, டாங்கில் தண்ணீர் சேர்ந்திருக்க வேண்டும். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் ஸ்குரூவைத் திறந்து, தண்ணீர் முத்து முத்தாக வெளியே போகும்வரை விட்டு, மூடி, உதைத்தேன். கிளம்பியது. கையில் பெட்ரோல் வாசனை. எனக்கு ஒரே பெருமை. திரும்பிக் கன்னியம்மாவைப் பார்த்தேன்.

"ராணி கையில இத்தினி நேரம் ஆவாது" என்றாள் அவள்.

"ஆவாதுதான்" என்றேன்.

அந்தப் பழைய எரிச்சல் மூண்டது. செய்தி வந்த நாளிலிருந்து என்னிடம் இல்லாமல் போயிருந்த ஒன்று திரும்பி வந்ததுபோல் இருந்தது. அவளுடைய சட்டையை அவள் மகள் வைத்துக்கொண்டாள். வண்டியை ஓட்டுவது நான் என்றாலும் வண்டி குடும்பத்துக்குப் பொது. ராணியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்தப் பொறாமை ஒன்றுதான். இது எனக்கு வேண்டும். இது என்னிடம் இருக்கிறவரை நான் ஒழுங்காக ஓட்டுவேன்.

நண்டு எட்டு மணிக்குச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்றுகூடச் சாகவில்லை. ராணியாக இருந்தால் ஏழேமுக்காலுக்கே போயிருக்கும்.